கிராஞ்சிச் செண்பகம்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், போட்டோஸ்டாட் எடுக்கிறேன் என்பேன். எந்தக் கடையில் என்று அடுத்த கேள்வி வரும். கடை இல்லை, தாவரத் தோட்டம், மரங்களைப் போட்டோஸ்டாட் எடுக்கிறேன் என்பேன். இந்தப் பதிலுக்கு இருபது வருஷத்தில் மூன்று பேர் சிரித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் பல் டாக்டர். நான் வாயைத் திறந்தே வைத்திருக்கட்டும் என்று சிரித்திருக்கலாம்.

விஷயம் இதுதான். தோட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை அடித்த சின்ன அலுமினியத் தகடு மரத்தில் தொங்கும். அதை டேக் என்போம். மரம் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எந்த வகை என்பதெல்லாம் அந்த எண்ணின் கீழ் பதிவேட்டில் இருக்கும். மரம் புயலில் விழலாம், கரையான் தின்னலாம், மின்னல் அடிக்கலாம். மின்னலுக்குப் பதிவேடு படிக்கத் தெரியாது. அதனால் முக்கியமான ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பிரதியாவது நர்சரியில் தயாராக இருக்க வேண்டும். விதை போட்டு வளர்த்தால் அது பிள்ளைதான், பிரதி ஆகாது. பிள்ளை அப்பனைப் போலவே இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? என் மகள் என்னைப் போல இல்லை. அதற்காக எங்கள் வீட்டில் தினமும் விளக்கேற்றி நன்றி சொல்லப்பட்டது. ஆகவே குச்சி நட்டு, பதியம் போட்டு, ஒட்டுக் கட்டி, அதே மரத்தையே மறுபடி உண்டாக்குகிறோம். இதெல்லாம் நடப்பது தோட்டத்தின் பின்பக்கம், பார்வையாளர்கள் உள்ளே வரக்கூடாது என்று பலகை மாட்டிய இடத்தில். பலகை இல்லாவிட்டாலும் யாரும் வரப்போவதில்லை.

நன்றி சொல்லப்பட்டது என்று இறந்த காலத்தில் எழுதிவிட்டேன். பயப்பட வேண்டாம். விளக்கேற்றுகிறவள் நலமாக இருக்கிறாள். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில், மகள் வீட்டில் இருக்கிறாள். மகளுக்குப் பிரசவம் என்று மூன்று மாதத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டு போனாள். பேரன் பிறந்தான், குப்புற விழுந்தான், தவழ்ந்தான், நடந்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நீட்டிப்பு. நடுவில் இரண்டு தடவை வந்தாள். வந்தவள் என் அலமாரியைத் துடைத்துவிட்டு, அழுதுவிட்டு, திரும்பிப் போனாள். நான் சொல்லும் இந்த வருஷம் அவள் போய் இரண்டாவது வருஷம்.

பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம். ஐந்து நிமிஷ வித்தியாசம்கூடக் கிடையாது. லண்டனில் இருக்கிறவர்களின் புருஷர்கள் எவ்வளவு வசதியானவர்கள். நேரம் தெரியாமல் போச்சு என்று ஒரு வார்த்தையில் தப்பித்துவிடலாம். எனக்கு அந்த வழி இல்லை. இங்கே ஏழு மணிக்கு நான் தனியாகச் சாப்பிடும்போது அங்கேயும் ஏழு மணிதான், அங்கே நாலு பேர் சாப்பிடுகிறார்கள்.

செம்பவாங்கில் நாலறை வீடு. ஓர் ஆளுக்கு நாலறை என்பது எந்த அறையில் தும்மலாம் என்று யோசிக்கிற அளவுக்கு வசதி. ரைஸ் குக்கரில் முதல் கோட்டுக்குக் கீழே அரிசி போட்டால் அது ஒழுங்காக வேகாது. அதனால் கோடு வரைக்கும் போட்டு, இரவும் மறுநாளும் அதையே சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நர்சரியில் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும் என்றால் மற்றவர்கள் தரையைப் பார்ப்பார்கள். நான் கையைத் தூக்குவேன். செடிகளிடம் பேசினால் வளரும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் பேசினேன். ஜோக் சொன்னேன். சிரிக்கவில்லைதான். இருந்தாலும், இதை ஏற்கெனவே சொல்லிட்டீங்க என்று ஒரு செடியும் சொன்னதில்லை.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு செண்பகம் நிற்கிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் எங்கள் கல்யாண நாளுக்கு நான் ஊருக்கு வெளியே கிராஞ்சியில், செடி விற்கும் நர்சரி ஒன்றில் வாங்கி மனைவிக்குக் கொடுத்தது. அவள்தான் நட்டு வளர்த்தாள். பூத்தால் ஒன்று தலையில், ஒன்று சாமிக்கு, ஒன்று கைத்தொலைபேசி உறைக்குள். அவள் போன பிறகு அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது இரண்டாம் மாடி மலாய்க்கார அம்மாள், மக்சிக் என்று கூப்பிடுவோம். என்னைப் பார்த்தால் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: மனைவி எப்போது வருகிறாள்? நான் ஒரே பதில்தான் சொல்வேன்: புலான் டெபான், அடுத்த மாதம். ஏழெட்டு அடுத்த மாதங்கள் போன பிறகு எனக்கே வெட்கமாகி, அந்தப் பக்கத்து லிப்டை விட்டுவிட்டுப் பின்பக்க லிப்டில் ஏறி இறங்க ஆரம்பித்தேன். மரத்தைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மரம் வளர்த்துச் சம்பளம் வாங்குகிறவனின் லட்சணம்.

இனி தோட்டத்துச் செண்பகத்துக்கு வருகிறேன். சாலையோரத்தில் நிற்பவை இரண்டு வகை. ஒன்று வெள்ளைப் பூ, இன்னொன்று ஆரஞ்சுப் பூ. எங்களிடம் இருந்த கிழமரம் இரண்டிலும் சேராதது. தந்தத்தின் நிறம், உள்ளே லேசாக மஞ்சள். வாசனை கொஞ்சம் தாமதமாக வரும். நாம் மரத்தைத் தாண்டிப் போன பிறகு முதுகைத் தட்டும். விதை பிடிக்காத ஜாதி. தோட்டத்தில் ஒன்றே ஒன்று. அதற்குப் பிரதி எடுக்க வேண்டிய ஆள் நான்தான். பத்து வருஷமாக அடுத்த மாதம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் அதன் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்தது. மரத்தைச் சோதிக்கிறவர்கள் வந்து தட்டிப் பார்த்து, உள்ளே பஞ்சு மாதிரி ஆகிவிட்டது, நடைபாதைக்குப் பக்கத்தில் நிற்பதால் நான்கைந்து மாதத்தில் வெட்டியாக வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். எங்கள் பிரிவு அதிகாரி ஒரு சீனப் பெண், என் மகளைவிடச் சின்னவள். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். தமிழில் எழுதும்போது அவர் கொஞ்சம் மென்மையாகத் தெரிவார், அதற்கு நான் பொறுப்பில்லை.

"அங்கிள், இதுக்குப் பிரதி இருக்கா?"

"இல்லை."

"எடுக்க முடியுமா?"

"என் கை பட்டால் குடைக் கம்பிகூட வேர் விடும்."

"பதிவேட்டைப் பார்த்துட்டு ஆரம்பிங்க."

"பதிவேடு மரத்தைப் பார்க்கத் தெரியாதவங்களுக்கு," என்றேன். அவர் சிரித்தார். அந்த வாக்கியத்தை நான் பிறகு பல தடவை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

மரத்தின் மேல் பாதி பட்டுப்போயிருந்தது. உச்சியில் ஒரே ஒரு கிளையில் மட்டும் கொஞ்சம் இலை. ஆனால் அடிமரத்தில், என் இடுப்பு உயரத்தில், ஏழு புதுக் கிளைகள் விரல் தடிமனில் பளபளவென்று கிளம்பியிருந்தன. மரம் ஏற ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். கிராஞ்சித் தொழிலாளர் விடுதியிலிருந்து லாரியில் வருவார். மனைவி ஊரில், நாலு வருஷமாக. என்னைப் பார்த்தால் அவருக்கு ஓர் ஆறுதல். என் மனைவியும் வேறு ஊரில்தான் என்பதால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கட்சி என்பார்.

கயிற்றில் தொங்கிக்கொண்டே மேலிருந்து கேட்டார்: "அண்ணே, உச்சியில ஒரு கெள பச்சையா இருக்கு. இதுல கட்டவா?"

"வேணாம், எறங்குங்க. அது கெழட்டுக் கெள. வேர் விடாது."

"கெழடுன்னா விடாதா?"

"கீழ ஏழு எளசு நிக்குதே, கண்ணு தெரியல?"

"எளசப் பாத்ததும் அண்ணனுக்குப் பல்லத் தொறக்குது," என்று இறங்கிவிட்டார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. இளங்கிளைதான் சீக்கிரம் வேர் விடும். ஏழிலும் பதியம் போட்டேன். பட்டையை மோதிரம் மாதிரி இரண்டு விரல் அகலத்துக்கு வட்டமாக உரித்து, வழவழப்பைச் சுரண்டி, ஈரப்பாசியைச் சுற்றி, பிளாஸ்டிக்கால் மூடி, இரண்டு பக்கமும் கட்டு. கீழே இறங்குகிற சத்துக்கு வழி அடைபடும், அந்த இடத்தில் வேர் விடும். பத்து வாரத்தில் ஏழிலும் வெள்ளை வேர் பிளாஸ்டிக்கைத் தொட்டது. ஏழுக்கு ஏழு. என் வாழ்க்கையில் வேறெதிலும் வாங்காத மதிப்பெண். அறுத்து எடுத்துச் சட்டியில் வைத்து, ஏழு பிளாஸ்டிக் டேக்கில் கிழமரத்தின் எண்ணையும் அடியில் என் பேரையும் என் கையால் எழுதி மாட்டினேன். அதிகாரி கேக் வாங்கி வந்தார். கேக்கின் மேல் பிளாஸ்டிக்கில் ஒரு பச்சை இலை இருந்தது. அதையும் ஈரமண்ணில் குத்தி வைத்து, இதுவும் வேர் விடும் பாருங்கள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஜூலையில் மரத்தை வெட்டினார்கள். துண்டு துண்டாக இறக்கி, கிளைகளை அரைத்து, அடிக்கட்டையையும் தோண்டி எடுத்துப் புல் பதித்துவிட்டார்கள். நான் வருத்தப்படவில்லை. ஏழு பிரதி வைத்திருக்கிறவன் எதற்கு வருத்தப்பட வேண்டும்?

தீபாவளிக்கு எங்கள் பிரிவில் லீவு கேட்காத ஒரே இந்தியன் நான். சீன நண்பர்களுக்குப் புரியவில்லை. "உன் புத்தாண்டுதானே?" என்றான் ஒருவன். புத்தாண்டு இல்லை என்று விளக்குவதற்குப் பதில் ஆமாம் என்றேன். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, யாரும் பார்க்காத புதுச் சட்டையைப் போட்டு, அதன் மேல் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நர்சரிக்குப் போனேன். அங்கே ஒரு கண்ணாடிக் கூடம் உண்டு. கால் மணிக்கு ஒரு தடவை குழாயிலிருந்து புகை மாதிரி தண்ணீர் தூவும். நானும் செடிகளும் மட்டும். தூவும் சத்தம் வரும்போது பேச்சை நிறுத்தி, நின்ற பிறகு தொடர்வேன். அந்த மரியாதையை மனிதர்களிடம் காட்டியதில்லை என்று மனைவி சொல்வாள்.

ஏழு செண்பகத்துக்கும் தீபாவளி வாழ்த்துச் சொல்லி, பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு இலையைக் கிள்ளியவன் அதைக் கீழே போடவில்லை. இலைக்காம்பின் உள்பக்கம் ஒரு தழும்பு இருக்கும். துளிரை மூடியிருந்த தோல் உதிர்ந்த இடம். வெள்ளைச் செண்பகத்தில் அது சின்னது, காம்பின் பாதிக்குள் முடிந்துவிடும். ஆரஞ்சில் நீளம், பாதியைத் தாண்டும். எங்கள் கிழமரத்துக்குச் சின்னது. என் கையில் இருந்தது நீளம்.

இன்னொரு இலை. நீளம். அடுத்த சட்டி. நீளம். ஏழு சட்டியிலும் பார்த்தேன். வரிசைக் கடைசியில் ஒரு சாதாரண ஆரஞ்சுச் செண்பகம் இருந்தது, அதன் இலையைப் பக்கத்தில் வைத்தேன். இலையின் அடியில் ரோமம்கூட அதே மாதிரி. அந்த ரோமத்தை நான் மார்ச்சிலேயே பார்த்திருந்தேன். இளந்துளிரில் ரோமம் இருப்பது சகஜம் என்று எனக்கு நானே பாடம் நடத்தியிருந்தேன்.

அதிகாரியின் மேசையிலிருந்து பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். கிழமரத்தின் எண்ணுக்கு எதிரே, பழைய மையில், ஒரே வரி: ஆரஞ்சுச் செண்பகத்தின் மேல் ஒட்டுக் கட்டியது.

ஒட்டு மரம் என்றால் வேரும் அடியும் ஒரு மரம், மேலே இருப்பது வேறு மரம். கட்டிய இடத்தை வருஷக்கணக்கில் பட்டை விழுங்கி மூடியிருந்தது. அதற்குக் கீழே கிளம்பியதெல்லாம் அடிச்செடியின் கிளை. நான் ஏழு பிரதி எடுத்தது, தெருவுக்குத் தெரு நிற்கிற ஆரஞ்சை. உண்மையான மரம் உச்சியில் இருந்த அந்த ஒரே கிழட்டுக் கிளை. அதை நான்தான் வேண்டாம் என்றேன்.

தோட்டத்துக்குள் போய் மரம் நின்ற இடத்தைப் பார்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை. புல் நன்றாகப் பிடித்திருந்தது. அதன் மேல் ஒரு குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்து பூரி தின்றுகொண்டிருந்தது. எனக்கும் ஒன்று நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு நான் சாப்பிட்ட தீபாவளிப் பலகாரம் அதுதான்.

சாயங்காலம் மனைவி வீடியோவில் வந்தாள். பேரன் வேட்டி கட்டிக்கொண்டு திரையை நக்கினான். என் முகத்தைப் பார்த்து, "என்னங்க, ஒடம்பு சரியில்லையா?" என்றாள். வேலையில் கொஞ்சம் அலுப்பு என்றேன். பேரனின் வாயைத் துடைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"நம்ம மரத்த மொட்ட அடிச்சிட்டாங்களாமே? மக்சிக் போட்டோ அனுப்பிச்சாங்க. நீங்க சொல்லவே இல்ல."

"எந்த மரம்?"

"எந்த மரமா? கிராஞ்சில வாங்கிக் குடுத்தீங்களே, செண்பகம். நீங்க தெனம் அந்த வழியாத்தானே போறீங்க?"

இங்கே உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கிராஞ்சியில் வாங்கினேன் என்று மேலே எழுதினேன் அல்லவா, அது பொய். அந்த வருஷம் கல்யாண நாளை மறந்துவிட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஞாபகம் வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. எங்கள் தோட்டத்து நர்சரியில் ஒரு பதியச் செடி இருந்தது. நான் புதிதாக இந்தப் பிரிவுக்கு வந்து கை பழகுவதற்காகப் போட்டது. பழகியதும் தூக்கிப் போட வேண்டும் என்பது விதி. சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், கிராஞ்சி வரைக்கும் பஸ் பிடித்துப் போய் வாங்கினேன், பஸ்ஸே கிடைக்கவில்லை என்று ஒரு கதையும் சேர்த்துக் கொடுத்தேன். இருபது வருஷம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, கிராஞ்சியில் காத்திருந்த கால் வலிகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தப் பதியத்தை எடுத்தது தோட்டத்துக் கிழமரத்தின் மேல்கிளையிலிருந்து. அப்போது அது நன்றாக இருந்த காலம்.

"என்னங்க, லைன் இருக்கா?"

"இருக்கு," என்றேன். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

கீழே ஓடினேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு முன்பக்க லிப்ட். கார்களின் கூரையில் உரசுகிறது என்று மரத்தை வெட்டி, என் தோள் உயரத்துக்கு மொட்டையாக விட்டிருந்தார்கள். கட்டையைச் சுற்றிக் கையளவு துளிர்கள். ஒரு இலையைக் கிள்ளித் தெருவிளக்கின் கீழே பிடித்தேன். தழும்பு சின்னது. பதியம் போட்ட மரத்தில் ஒட்டு கிடையாது. அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே மரம். எந்தத் துளிரை எடுத்தாலும் அதேதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரமேறியைத் தேக்காவில், நம்மவர்கள் கூடும் பேட்டையில் பார்த்தேன். தீபாவளி முடிந்தும் சிராங்கூன் சாலையின் மேலே விளக்கு வளைவுகளைக் கழற்றவில்லை. கூட்டத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடப்பது எனக்குப் பிடிக்கும். வாரத்தில் வேறெந்த நாளும் என்னை யாரும் தொடுவதில்லை. சாப்பாட்டுக் கடையில் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் முதலில் சொன்னது அவரிடம்தான். வேறு யாரிடம் சொல்ல?

அவர் ரசத்தைக் குடித்து முடித்தார். "நான் அப்பவே கேட்டேன்."

"கேட்டீங்க."

"கெழடு வேணாம்னீங்க."

"ஆமா."

"நம்மளையும் இப்படித்தாண்ணே ஒதுக்கி வச்சிருக்காங்க." கையைக் கழுவிவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "எதுக்கு ஊரக் கூட்டுறீங்க? உங்க புளோக்குல இருக்கறதுல ஏழு கட்டுங்க. வேர் விட்டதும் சட்டிய மாத்துங்க. டேக்கு அதே டேக்கு. மரமும் அதே மரந்தானே. யாருக்குத் தெரியும்?"

நான் அதை ஏற்கெனவே தீபாவளியன்று லிப்டில் ஏறும்போதே யோசித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை. யோசனை அவருடையதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னொன்றையும் சொல்லவில்லை. எனக்கு வயது அறுபத்துமூன்று தாண்டிவிட்டது, வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், அந்த வருஷத்துக் கையெழுத்து டிசம்பரில். நர்சரியும் இல்லை என்றால் எனக்கு மிச்சம் நாலறை.

அன்றைக்கே பாசி, பிளாஸ்டிக், கத்தி, டேக் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு மொட்டை மரத்தின் அடியில் குந்தினேன். கட்ட வேண்டிய துளிரையும் பார்த்து வைத்தாயிற்று. பட்டையை உரிப்பதற்கு முன் டேக் எழுதுவது என் பழக்கம், இல்லாவிட்டால் மறந்துவிடும். பேனாவை எடுத்தேன். பழைய எண்ணை எழுத வேண்டும். மரம் அதேதான், ஆனால் தோட்டத்து மரத்திலிருந்து எடுத்தது என்பது பொய். நான் மனைவியிடம் பொய் சொல்லியிருக்கிறேன், மக்சிக்கிடம் மாதம் ஒரு பொய், பல் டாக்டரிடம் தினமும் இரண்டு தடவை பல் தேய்க்கிறேன் என்று. டேக்கில் மட்டும் எழுதியதில்லை என்று ஒரு பெருமை வைத்திருந்தேன். ஏற்கெனவே ஏழு பொய் என் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன, தெரியாமல் எழுதியவை. எட்டாவதைத் தெரிந்தே எழுத வேண்டும். மை காய்ந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்தேன். பேனா புதுசு.

திங்கட்கிழமை அதிகாரியின் மேசையில் இரண்டு இலைகளை வைத்தேன்.

பார்த்தார். நகத்தால் தழும்பை அளந்தார். கெட்டிக்காரப் பெண், நான் வாயைத் திறப்பதற்குள் பதிவேட்டை எடுத்துவிட்டார். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் பதிவேட்டை மூடினார்.

"ஏழுமா, அங்கிள்?"

"ஏழும்."

"மரமும் போச்சு."

"போச்சு."

"இந்த இன்னொரு இலை எங்கேர்ந்து வந்தது?"

சொன்னேன். சாப்பாட்டுப் பை, கல்யாண நாள், கிராஞ்சிக் கதை எல்லாம். நடுவில் ஒரு ஜோக்கும் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு மனிதன் முப்பது வருஷம் கோமாளியாக இருந்தால், அவன் தப்பை ஒப்புக்கொள்ளும்போதுகூட எதிராளி ஜோக்கின் முடிவுக்குக் காத்திருப்பார். முடிவு வராததால் அவருக்கு மெல்லத்தான் புரிந்தது.

"நான் ரிப்போர்ட் எழுதணும்," என்றார்.

"எழுதுங்க."

"உங்க பேரு வரும்."

"அந்தப் பேரை ஏழு டேக்குலயும் எழுதியாச்சு."

இரண்டு வாரம் என்னிடம் யாரும் அதிகம் பேசவில்லை. டீ இடைவேளையில் நான் போனால் பேச்சு வானிலைக்கு மாறிவிடும். சிங்கப்பூரில் வானிலையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? கண்ணாடிக் கூடத்தில் ஏழு ஆரஞ்சுச் செண்பகங்களும் கொழுகொழுவென்று வளர்ந்தன. அவற்றின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவை கேட்டா அந்த டேக்கை நான் மாட்டினேன்? என் கையாலேயே ஏழு டேக்கையும் கழற்றினேன். அன்றைக்கு அவற்றிடம் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அதிகாரி செம்பவாங்குக்கு வந்தார், நகர மன்றத்தின் அனுமதிக் கடிதத்தோடு. மொட்டை மரத்தைச் சுற்றி வந்து, இலைகளைப் பார்த்து, படம் எடுத்து, "கட்டுங்க," என்றார். ஐந்து துளிர் கொஞ்சம் தடித்த பிறகு ஐந்து பதியம் போட்டேன். இந்தத் தடவை குடைக் கம்பி பற்றி எதுவும் சொல்லவில்லை. மூன்று அழுகின. இரண்டு வேர் விட்டன. இதற்கு நடுவே டிசம்பர் ஒப்பந்தம் கடைசி வாரம் வரை வராமல், கடைசியில் ஒரு வருஷத்துக்கு வந்தது. கூடவே ஒரு புது விதியும்: எந்த மரத்தில் கத்தி வைப்பதற்கு முன்னாலும் இரண்டு பேர் பதிவேட்டைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நர்சரியில் அதை அங்கிள் விதி என்கிறார்கள். ஒரு மனிதனின் நினைவாக மரம் நடுவார்கள். என் நினைவாக ஒரு படிவம் இருக்கிறது.

இரண்டு செடிகளையும் பதிவு செய்யும் நாளில் அதிகாரி கேட்டார்: "கொடுத்தவர் யார்னு ஒரு கட்டம் இருக்கு. உங்களைப் போட முடியாது, நீங்க எடுத்தவர். வளர்த்தது யாரு?"

மனைவியின் பெயரைச் சொன்னேன்.

சொன்ன பிறகு அவளிடமும் சொல்லியாக வேண்டும் அல்லவா. அன்று சாயங்காலம் கூப்பிட்டு, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். திரையில் அவள் பேரனின் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப கிராஞ்சி போகவே இல்ல."

"போகல."

"பஸ்ஸு வரல, காலு வலிக்குதுன்னீங்க. நான் தைலம் தேச்சு விட்டேன்."

"ஆமா."

"அப்ப அந்த வருஷம் நம்ம நாள மறந்துட்டீங்க."

திருட்டை விட்டுவிட்டு நேராக அங்கே போய் நின்றாள். இருபது வருஷத்துக்குப் பிறகு கேஸைத் திரும்பவும் எடுத்துவிட்டாள். மறந்துதான் போனேன் என்றேன். அவள் சட்டையை மடித்து வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்து, அதையும் மடித்தாள்.

"ரெண்டுல ஒண்ணு நமக்குக் குடுப்பாங்களா?"

"ரெண்டும் அவங்களுக்கு. நமக்குத்தான் கீழ நிக்குதே."

"பூக்குமா?"

"மொட்ட அடிச்சதுக்கு ரெண்டு வருஷமாவது ஆகும்."

"ம்," என்றாள். அங்கே குக்கர் விசில் அடித்தது. அங்கேயும் ஏழு மணி. நான் வர்றேன் என்று அவள் சொல்லவில்லை, எப்போ வர்ற என்று நானும் கேட்கவில்லை. பேரன் எதையோ கொட்டிவிட, அப்பறம் பேசறேங்க என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை முன்பக்க லிப்டில் இறங்கினேன். மக்சிக் குழாயைப் பிடித்து மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் வழக்கமான கேள்வி. வாயில் புலான் டெபான் தயாராக வந்து நின்றது.

"தெரியாது, மக்சிக்," என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். குழாயை என் கையில் கொடுத்துவிட்டு, இன்னும் அஞ்சு நிமிஷம் ஊத்து, அடியில ஊத்து, இலையில ஊத்தாதே என்று மலாயில் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். முப்பது வருஷம் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவனுக்கு இந்த அறிவுரை. அடியிலேயே ஊற்றினேன்.